நைலான் கயிற்றில் ஒரு நெத்திலி

அத்தியாயம் 7

தூண்டிலையும் நூலையும் கையில் எடுப்பதற்கு முன்னால், ஒருநாள் விடியற்காலை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய் ஒரு கூறு நெத்திலி வாங்கி வாருங்கள். குழம்புக்கு ஆய்வதற்கு முன் நாலைந்தைத் தனியே எடுத்து, கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றி அதில் போட்டு, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். நல்ல பச்சை மீனாக இருந்தால் உடம்பில் பாதி, வெளிச்சம் ஊடுருவும்படி மங்கலாகத்தான் இருக்கும். பக்கவாட்டில் தலையிலிருந்து வால்வரை ஒரே ஒரு வெள்ளிக் கோடு. மூக்கு நுனியை ஒட்டி, அந்தத் தலைக்குப் பொருந்தாத பெரிய கண். முதுகில் லேசான நிழல். கலங்கல் தண்ணீரில் கீழேயிருந்து பார்க்கும் பாறைக்கும் கொடுவாவுக்கும் நெத்திலி என்பது ஏறக்குறைய இவ்வளவுதான்.

இந்த அத்தியாயத்தில் கட்டப்போகும் ஸ்ட்ரீமரில் கோடு, கண், நிழல் இந்த மூன்றும் இருக்கும். நாலாவதாக எதையாவது சேர்க்கக் கை துறுதுறுக்கும். அதை அடக்குவதுதான் பாதிப் பயிற்சி.

ஸ்ட்ரீமர் என்றால் என்ன என்பதை இரண்டு வரியில் முடித்துவிடலாம். நீலகிரியில் டிரவுட் பிடிப்பவர்கள் தண்ணீரில் விழும் பூச்சியைப்போல இறகைக் கட்டுவார்கள். அது ஃப்ளை. பூச்சிக்குப் பதில் குட்டி மீனைப்போல நீளமாகக் கட்டி, தண்ணீருக்கு அடியில் இழுத்து வருவது ஸ்ட்ரீமர். எண்ணூர் முகத்துவாரத்தில் எந்த மீனும் ஈசலுக்காகக் காத்திருப்பதில்லை. மடவைக் குஞ்சுக்கும் இறாலுக்கும் நெத்திலிக்கும்தான் காத்திருக்கிறது. எனவே வடசென்னைக்காரர் ஃப்ளை கட்டக் கற்றுக்கொள்வதென்றால் ஸ்ட்ரீமரிலிருந்து தொடங்குவதே சரி. மின்னுகிற எதையாவது தூண்டிலில் கட்டி மீனை ஏமாற்றுவது நம் கடற்கரைக்கு ஒன்றும் புதிய தந்திரமும் அல்ல.

இந்தக் கலை நன்றாக வளர்ந்தது அமெரிக்காவில். மெய்ன் மாநிலத்தில் கேரி ஸ்டீவன்ஸ் என்ற பெண்மணி 1924இல் தான் கட்டிய ஸ்ட்ரீமரில் ஏழு பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவான புரூக் டிரவுட் ஒன்றைப் பிடித்தார். அதன் பிறகு அவர் கட்டிய 'கிரே கோஸ்ட்' இன்றைக்கும் உலகம் முழுக்கக் கட்டப்படுகிறது. தூண்டிலைக் கவ்விப் பிடிக்கும் வைஸ் எதுவும் இல்லாமல், அதை விரலில் பிடித்தபடியே கட்டியவர் அவர் என்பதைக் கருவிப் பட்டியலைப் பார்த்து மிரளுபவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம். அந்த கிரே கோஸ்டின் கன்னத்தில் வைக்கும் புள்ளி இறகு எங்கிருந்து போனது தெரியுமா? நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் திரியும் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்திலிருந்து. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஃப்ளை கட்டுபவர்கள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அந்த இறகுக்கு ஏங்கியிருக்கிறார்கள். இன்று அது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்ட பறவை. மான் வால் முடிக்கும் இதே கதைதான். வெளிநாட்டுப் புத்தகங்களில் 'பக்டெயில்' என்று பக்கத்துக்குப் பக்கம் வரும். இங்கே மான் முடி, காட்டுக்கோழி இறகு இரண்டையும் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். தேவையும் இல்லை.

நாம் பின்பற்றப்போவது பாப் கிளவுசர் என்பவர் 1980களில் பென்சில்வேனியாவின் சஸ்குவஹானா ஆற்றுக்காக உருவாக்கிய அமைப்பை. 'கிளவுசர் மின்னோ' என்று பெயர். உப்புநீர் ஃப்ளை என்றதும் எல்லோரும் லெஃப்டி கிரே கட்டிய 'டிசீவர்' பக்கம்தான் போவார்கள். அமெரிக்க அஞ்சல் துறை 1991இல் தபால்தலையே வெளியிட்ட புகழ் அதற்கு. ஆனால் டிசீவருக்கு நல்ல நீள இறகு வேண்டும், கண் பழக வேண்டும். கிளவுசருக்கு முடிபோன்ற ஏதாவது ஒரு பொருளும் கொஞ்சம் கனமான கண்ணும் போதும். அந்தக் கனமான கண் செய்யும் இன்னொரு வேலைதான் திருவொற்றியூர்க்காரருக்கு முக்கியம். கண்ணைத் தூண்டில் தண்டின் மேல்பக்கம் கட்டுவதால், தண்ணீரில் விழுந்ததும் தூண்டில் தலைகீழாகப் புரண்டு, முள் மேல்நோக்கி வரும். கல் நிறைந்த இடத்தில் அடியை உரசி இழுத்தாலும் எளிதில் மாட்டாது.

சாமான்களுக்கு வருவோம். இந்த அத்தியாயத்தில் நான் கறாராக இருக்கப்போகும் இடம் இது. இணையத்தில் விற்கும் இறக்குமதி ஃப்ளை சாமான்கள் நல்லவைதான், ஆனால் விலை கையைக் கடிக்கும். துறைமுகத்தை ஒட்டிய வலைக்கடை, கயிற்றுக்கடைகளில் இதற்கு வேண்டியதில் முக்கால்வாசி கிடைக்கும்.

முதலில் உடம்புக்கான இழை. மூன்று புரி நைலான் கயிறு, வெள்ளை, ஆறு மில்லிமீட்டர். கடையில் இப்படித்தான் போகும்:

"அண்ணே, ஆறு எம்.எம். நைலான் கயிறு ஒரு மீட்டர் குடுங்க."

"ஒரு மீட்டரா? இன்னாத்துக்கு சார், துணி காய வைக்கவா?"

"மீன் கட்ட."

சிரித்துவிட்டுத் துண்டாக வெட்டிப்போட்ட கயிற்றில் ஒன்றைச் சும்மாவே கொடுத்துவிடுபவர்கள் உண்டு. வாங்கும்போது ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் கயிறுகளில் சில நைலான், சில பாலிப்ராப்பிலீன். மீனவர்கள் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். நமக்கு ஒரு சோதனை: இரண்டு இழையைப் பிரித்து, சோப்பு கலந்த தண்ணீரில் அமுக்கிவிடுங்கள். நைலான் தண்ணீரைவிடக் கனம், முழுகும். பாலிப்ராப்பிலீன் தண்ணீரைவிட லேசு, எவ்வளவு அமுக்கினாலும் மேலே வந்துவிடும். நமக்கு முழுகுவதுதான் வேண்டும். சோப்பு எதற்கு என்றால், காய்ந்த இழையில் ஒட்டிய காற்று நைலானையும் சிறிது நேரம் மிதக்கவைத்துக் குழப்பும்.

கயிற்றில் ஒரு சாண் வெட்டி, புரிகளைப் பிரித்து, பேன் சீப்பால் வாருங்கள். முதல் ஐந்து நிமிடம் சிக்காகத்தான் வரும். பிறகு மெல்லிய, அலை அலையான வெள்ளை முடி உதிரியாக நிற்கும். முறுக்கிலேயே கிடந்த சுருள் அதிகம் என்றால், வெந்நீரில் முக்கி, நுனியில் துணிக் கிளிப் மாட்டித் தொங்கவிடுங்கள், ஓரளவு நேராகும். வாரும்போது உதிரும் துணுக்குகளைக் காகிதத்தில் சேர்த்துக் குப்பையில் போடுங்கள். ஜன்னல் வழியாக ஊதிவிட்டால் அது கடைசியில் கடலுக்குத்தான் போய்ச் சேரும்.

வெள்ளாட்டு வால் முடி கயிற்றைவிட உயிரோட்டமானது, ஒத்துக்கொள்கிறேன். கறிக்கடையில் சொல்லிவைத்தால் கிடைக்கும். ஆனால் ஷாம்பு போட்டு அலசி, நிழலில் உலர்த்தி, அந்துருண்டையோடு டப்பாவில் அடைத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வீட்டில் மீன் வாசனையைச் சகித்துக்கொள்பவர்கள்கூட இதைச் சகிக்க மாட்டார்கள். கற்றுக்கொள்ளும் காலத்துக்கு நைலான் போதும். ஃபேன்சி ஸ்டோரில் விற்கும் செயற்கைச் சவுரியும் நன்றாக வரும், குறிப்பாகக் கறுப்பு.

கட்டும் நூலுக்குப் பருத்தித் தையல் நூல் வேண்டாம், நனைந்து நனைந்து இற்றுப்போகும். வலைக்கடையில் 210/1/2 என்று எண் போட்ட நைலான் நூல்கண்டு இருக்கும். அந்த எண்ணுக்குப் பொருள், 210 டெனியர் இழைகள் இரண்டைச் சேர்த்து முறுக்கியது என்பது. 9000 மீட்டர் நீளம் 210 கிராம் எடை இருந்தால் அது 210 டெனியர். முறுக்கைப் பிரித்து ஒரு இழையைத் தனியே எடுத்தால், வெளிநாட்டுக் கடைகளில் பெரிய ஸ்ட்ரீமருக்கென்று விற்கிறார்களே, அந்த நூலின் அதே கனம் கையில் இருக்கும். முறுக்கு இல்லாத இழை தட்டையாகப் படியும், முடியை அறுக்காமல் இறுக்கும். மெழுகுவர்த்தித் துண்டில் ஒருமுறை இழுத்துக்கொண்டால் வழுக்காது.

வெள்ளிக் கோட்டுக்கு ஜிகினா. ஆயுத பூஜைக்கு ஆட்டோவில் கட்டித் தொங்கவிடும் அதே வெள்ளி ஜிகினாதான். பட்டையாக இருந்தால் நீளவாக்கில் கிழித்து நூல் அளவுக்கு மெல்லிதாக்குங்கள். கண்ணுக்கு, சாவிக்கொத்திலும் வாஷ்பேசின் அடைப்பானிலும் வரும் குண்டுமணிச் சங்கிலி; இரண்டு மணி சேர்ந்தாற்போல் கட்டிங் பிளேயரால் வெட்டினால் ஒரு ஜோடி கண். ஈயக் கண் கட்டுபவர்கள் உண்டு. ஈயம் நஞ்சு, அதோடு முகத்துவாரத்தின் உள்பகுதிக்கு அவ்வளவு கனம் தேவையும் இல்லை.

தூண்டில் முள் 1/0 அளவு, தண்டு கொஞ்சம் நீளமானது. அளவில் புதியவர்கள் குழம்புவது சகஜம். வெறும் எண்ணாக இருந்தால் எண் கூடக் கூட முள் சிறிது. கீழே பூஜ்யம் போட்டிருந்தால் எண் கூடக் கூடப் பெரிது. உப்புநீருக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் வாங்க வேண்டும் என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். எண்ணூர்க் கழிமுகத்துக்கு நான் அதை ஏற்பதில்லை. அங்கே இருளர் மக்கள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். நீங்கள் அறுத்துவிட்டு வரும் துருப்பிடிக்காத முள் பல வருஷம் அந்தச் சேற்றில் கூர்மையாகக் காத்திருக்கும். சாதாரண கார்பன் ஸ்டீல் முள் வாங்குங்கள்; அறுந்தாலும் துருப்பிடித்து உதிர்ந்துபோகும். முள்ளின் உள்பக்கம் எதிராக நீட்டிக்கொண்டிருக்கும் செதிலைப் பிளேயரால் நசுக்கித் தட்டையாக்கிவிடுங்கள். குட்டி மீனைச் சேதமில்லாமல் திருப்பி விடலாம். கடலோரக் கல் தூண்டில் வளைவின் கூட்டத்தில் பக்கத்தில் நிற்பவர் காதில் மாட்டினாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடாமல் கழற்றலாம்.

மேஜையில் பொருத்தும் சின்ன வைஸ் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். பூட்டிக்கொள்ளும் வைஸ்கிரிப் பிளேயரை மேஜை விளிம்பில் கிளாம்ப் போட்டு நிறுத்தினாலும் சரி. கூர்மையான சிறு கத்தரி, நிறமற்ற நெயில் பாலிஷ், தீர்ந்துபோன பால்பேனா ஒன்று, ஆலிவ் அல்லது பழுப்பு நிற பெர்மனென்ட் மார்க்கர். கண்ணாடி போடாதவர்கள் ஏதாவது ஒரு கண்ணாடியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இனி கட்டலாம். முள்ளின் வளைவை வைஸில் பிடித்து, தண்டு கிடையாக இருக்கும்படி நிறுத்துங்கள். நரம்பு கட்டும் காது உங்கள் வலதுபக்கம். காதை ஒட்டி ஒரு காதளவு இடத்தைச் சும்மா விடுங்கள். இந்த வெற்றிடத்தை முதல் நாளே பழகிக்கொள்ளாதவர்கள் கடைசியில் தலையைக் கட்ட இடமில்லாமல், காதையே நூலால் மூடிவிடுவார்கள். நூலைத் தண்டின்மேல் வைத்து, உங்களுக்கு எதிர்ப்புறமாகச் சுற்றி, அதே நூலின் வால்மேல் ஐந்தாறு சுற்று ஏற்றினால் அது தன்னைத் தானே பூட்டிக்கொள்ளும். முடிச்சு வேண்டாம். மிச்ச வாலை வெட்டிவிட்டு, தண்டின் பாதிவரை நெருக்கமாகச் சுற்றிப் போய்த் திரும்பி வாருங்கள். கை எடுக்கும்போதெல்லாம் நூலில் ஒரு துணிக் கிளிப்பை மாட்டித் தொங்கவிடுங்கள், இழுவிசை குறையாது.

காதிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி, தண்டின் மேல் மணிக்கண் ஜோடியைக் குறுக்கே வையுங்கள். எட்டு வடிவத்தில், ஒரு மணியின் முன்னிருந்து மற்ற மணியின் பின்னுக்கு, எட்டுப் பத்து முறை குறுக்குக் கட்டு. அதன்பின் மணிகளுக்கும் தண்டுக்கும் நடுவே கிடைவாக்கில் நாலு சுற்று இறுக்கினால் குறுக்குக் கட்டுகள் சேர்ந்து நெரியும். கண்ணை விரலால் திருகிப் பாருங்கள். அசைந்தால் மறுபடி கட்டுங்கள். அசையும் கண் முதல் பாறைக்கல்லில் பட்டதும் புரண்டு போகும், ஸ்ட்ரீமர் பக்கவாட்டில் நீந்தும், எந்த மீனும் அதை நம்பாது. ஒரு துளி நெயில் பாலிஷ் வையுங்கள்.

அடுத்து வயிறு. வாரி வைத்த நைலானில் ஒரு கற்றை எடுத்து, விரலால் அழுத்திப் பாருங்கள். அழுத்திய கற்றை தீக்குச்சியின் பாதித் தடிமனுக்கு மேல் போகக் கூடாது. 'இவ்வளவுதானா?' என்று தோன்றினால் அளவு சரி. நீளம், தண்டைப்போல இரண்டரை மடங்கு. வேர்ப்பக்கத்தைக் கண்ணுக்கும் காதுக்கும் நடுவே வைத்து இறுக்கிக் கட்டுங்கள். கற்றையை இரண்டு மணிகளுக்கு நடுவே படியவைத்துப் பின்னால் கொண்டுபோய், கண்ணுக்குப் பின்புறம் இரண்டு மூன்று சுற்று மட்டும் மென்மையாகப் போடுங்கள். இங்கே இறுக்கினால் முடி விறைத்து நிற்கும். விறைப்பாக இருந்தால் கொடுவாவின் வாய்க்குள் ஒழுங்காகப் போகாது. கொடுவா துரத்திக் கடிக்கும் ரகமல்ல. வாயைச் சட்டென்று திறந்து, தண்ணீரோடு இரையை உறிஞ்சிக்கொள்ளும். துவளும் இழை மடங்கி உள்ளே போய்விடும்.

நூலைக் கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்து, முள்ளை வைஸிலிருந்து கழற்றி, தலைகீழாகத் திருப்பி மாட்டுங்கள். இப்போது முள் நுனி மேலே. தண்ணீரிலும் இப்படித்தான் போகும், எனவே இனி கட்டுவதுதான் முதுகு. ஜிகினா நாலு இழை எடுத்து, நடுவில் மடித்து, பக்கத்துக்குக் கொஞ்சமாகக் கண்ணுக்கு முன்புறம் கட்டுங்கள். முடியைவிட ஒரு நகக்கண் நீளம் வெளியே நிற்கட்டும். அதற்குமேல் இன்னொரு மெல்லிய நைலான் கற்றை, வயிற்றுக்கு வைத்ததில் முக்கால் பங்கு. முள் நுனி இந்தக் கற்றையின் நடுவே மறைந்து நிற்க வேண்டும். இதற்கு மட்டும் மார்க்கரால் மேலோட்டமாக நிறம் கொடுங்கள். நைலான் சாயம் பிடிக்கும் என்று பாத்திரத்தில் துணிச்சாயத்தைக் கொதிக்கவைக்கும் ஆர்வலர்கள் இருக்கிறார்கள். ஒரு ஸ்ட்ரீமருக்கு அதெல்லாம் அதிகம். மார்க்கர் வெளுத்தால் கரையிலேயே திரும்பப் பூசிக்கொள்ளலாம்.

நீட்டிக்கொண்டிருக்கும் வேர்நுனிகளைச் சாய்வாக வெட்டி, அந்தச் சாய்வின்மேல் நூலைச் சுற்றிக் கூம்பான தலை ஆக்குங்கள். முடிக்க, பால்பேனாவின் முனைக் கூம்பைக் கழற்றி எடுங்கள். நூலை அதன்மேல் ஒருமுறை வளையமாகச் சுற்றி, கூம்பின் துளையைத் தூண்டிலின் காதின்மேல் பொருத்தி, வளையத்தைத் தலைமேல் நழுவவிட்டு இழுங்கள். ஒரு அரைமுடிச்சு விழும். இப்படி ஐந்து. நூலை வெட்டி, தலைக்கு நெயில் பாலிஷ் ஒரு பூச்சு, காய்ந்ததும் இன்னொன்று. காதுக்குள் பாலிஷ் இறங்கிவிட்டால் உலர்வதற்குள் குண்டூசியால் குத்தி எடுங்கள்.

இப்போது கையில் இருப்பதைப் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். ஒல்லியாக, பிசிறு பிசிறாக, விலைகொடுத்து வாங்கத் தோன்றாத ஒன்று. அதை ஒரு முழத் தங்கூசி நரம்பில் கட்டி, பக்கெட் தண்ணீரில் இழுத்துப் பாருங்கள். நனைந்ததும் முடி ஒன்றுசேர்ந்து உடம்பாகும், ஜிகினா நடுவில் கோடாகும். இழுக்கும்போது சுருங்கும், நிறுத்தினால் விரிந்து தலைகுப்புற இறங்கும். கையில் வைத்தபோது பிசிறாகத் தெரிந்தது எவ்வளவோ, அவ்வளவுக்குத் தண்ணீரில் மீனாகிறது. பக்கத்தில், நீங்கள் ஆசை ஆசையாகத் தடிமனாகக் கட்டிய ஒன்றையும் இழுத்துப் பாருங்கள். குஞ்சம் நீந்துவது தெரியும். காட்சிக்கு வைக்கும் கண்ணாடிப் பெட்டியில் அழகாக இருக்கும் ஸ்ட்ரீமர்களில் பல இந்த பக்கெட்டிலேயே தோற்றுப்போகும்.

மூன்று மாற்றங்கள் தெரிந்தால் இந்தக் கடற்கரைக்குப் போதும். மடவைக் குஞ்சுக்கு முதுகுக் கற்றையைச் சற்றுத் தடிமனாக்கி, சாம்பல் பச்சை நிறம் கொடுங்கள். மடவைக்குத் தலை பருமன். இறாலுக்கு ஜிகினாவைக் குறைத்து, மொத்தத்தையும் இளம்பழுப்பாக்கி, நீளத்தைத் தண்டின் ஒன்றரை மடங்கோடு நிறுத்துங்கள். வாடைக்காற்று மாதங்களில் மழை வெள்ளம் இறங்கித் தண்ணீர் டீ நிறத்தில் இருக்கும்போது கறுப்புச் சவுரியில் கட்டியது வேலை செய்யும். அப்போது மீனுக்கு நிறமெல்லாம் தெரியாது, வடிவத்தின் நிழல்தான் தெரியும்.

ஃப்ளை ராட் இல்லையே என்று நிற்க வேண்டாம். சாதாரண ஸ்பின்னிங் ராடில், ஸ்ட்ரீமருக்கு ஒரு மீட்டர் முன்னால் தண்ணீர் நிரப்பும் கண்ணாடி மிதவையை மாட்டினால் எறியும் கனம் கிடைத்துவிடும். ஈயக்குண்டு மாட்டினால் குண்டு கல்லிடுக்கில் மாட்டும், மேல்நோக்கிய முள்ளின் பலன் போய்விடும். ஃபைபர் போட்டில் போகிறவர்கள் கைத்தூண்டிலிலேயே கட்டி, படகுக்குப் பின்னால் விட்டு இழுக்கலாம். கடைசி முழத்துக்கு 0.60 மில்லிமீட்டர் தங்கூசி போடுங்கள். கொடுவாவின் செவுள் மூடி பிளேடு மாதிரி, மெல்லிய நரம்பை ஒரே உதறலில் அறுத்துவிடும். சீலா வரும் இடமென்றால் ஒரு சாண் கம்பி. காதில் இறுக்கமாக முடிச்சுப் போடாமல் சின்னக் கண்ணி விட்டுக் கட்டுங்கள், ஸ்ட்ரீமர் ஆடும்.

எங்கே போடுவது? ராயபுரத்திலிருந்து எண்ணூர்வரை விரைவுச் சாலை ஓரமாகக் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கல் தூண்டில் வளைவுகளை எல்லோருக்கும் தெரியும். சென்னைத் துறைமுகத்தின் தடுப்புச்சுவர் தெற்கேயிருந்து வரும் மணலை மறித்ததால் மெரினா அகன்றது, ராயபுரத்துக்கு வடக்கே கரை கரைந்தது. அந்த அரிப்பைத் தடுக்கப் போட்டவை இந்த வளைவுகள். தூண்டில்காரருக்கு இதில் ஒரு பாடம் உண்டு. வருஷத்தில் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்வதால், வளைவின் தென்பக்கம் மணல் சேர்ந்து ஆழம் குறைந்திருக்கும், வடபக்கம் ஆழமாக இருக்கும். வாடைக் காலத்தில் ஓட்டம் திரும்பும்போது இந்தக் கணக்கும் கொஞ்சம் மாறும். விடியலில் குட்டிப் பாறைகள் நெத்திலியை வளைவின் முனையில் ஒதுக்கி அடிக்கும். அலைக்குக் குறுக்கே எறிந்து, வேகமாக, இடைவிடாமல் இழுங்கள். பாறை யோசித்துக் கடிக்கும் மீனல்ல. யோசிக்க நேரம் கொடுத்தால்தான் விட்டுவிடும். பாசி படர்ந்த கல்லில் ரப்பர் செருப்போடு ஏறாதீர்கள். கடல் கொந்தளிக்கும் நாளில் வளைவின் முனைக்கே போகாதீர்கள். துறைமுகங்களின் தடை செய்யப்பட்ட எல்லைக்குள் தூண்டிலோடு போவது வம்பை விலைக்கு வாங்குவது.

கழிமுகம் வேறு விதம். கொசஸ்தலையாறு கடலில் சேரும் முகத்துவாரத்தில் வற்றம் இறங்கும் நேரம்தான் நேரம். உள்ளேயிருந்து தண்ணீர் வடியும்போது குஞ்சும் இறாலும் அதோடு அடித்து வரும். கொடுவா பாலத்தூண் நிழலிலோ, வேகநீரும் நின்ற நீரும் சந்திக்கும் கோட்டிலோ காத்திருக்கும். அந்தக் கோட்டுக்கு மேலே எறிந்து, ரீலை இரண்டு சுற்று சுற்றி நிறுத்துங்கள். மறுபடி இரண்டு சுற்று, நிறுத்தம். கடி பெரும்பாலும் நிறுத்தத்தில், ஸ்ட்ரீமர் தலைகுப்புற இறங்கும் அந்த நொடியில் வரும். அனல் மின்நிலையச் சாம்பல் படிந்து பல இடங்களில் அடி மேடாகிப்போனதால் இங்கே லேசான மணிக்கண்ணே போதும். கனமான கண் சேற்றைக் கிளறிக்கொண்டு வரும். காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படைகுப்பத்து மீனவர்கள் வலை விட்டிருக்கும் இடத்தில் எறியாதீர்கள். அது அவர்கள் பிழைப்பு, நமக்கு இது பொழுதுபோக்கு. "அண்ணே, இங்க போடலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் எந்த இடத்தில் மீன் நிற்கிறது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுவார்கள்.

பிடித்த மீனைச் சமைக்கலாமா என்ற கேள்விக்கு என் பதில் இடத்தைப் பொறுத்தது. வெளிக்கடலில் பிடித்த பாறையைத் தாராளமாகக் குழம்பு வையுங்கள். கழிமுகத்தின் உள்பகுதியில் பிடித்ததை விட்டுவிடுவதே மேல். 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெய், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு இறங்கிய எண்ணெய், வருஷக்கணக்கில் சேரும் சாம்பல், ஆலைக் கழிவு என்று அந்தத் தண்ணீர் நிறையப் பார்த்துவிட்டது. நைலான் இழையில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருந்தால் உடனே தெரியும், வெள்ளை பழுப்பாகிவிடும். அன்றைக்குத் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வேறு இடம் பாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஸ்ட்ரீமர்களை நல்ல தண்ணீரில் அலசுங்கள். நாம் வாங்கியது துருப்பிடிக்கும் முள், அதனால் இதைத் தள்ளிப்போட முடியாது. இழையைச் சீப்பால் நேராக வாரி, ஜிகினாவில் பூச்சு உரிந்திருந்தால் அந்த இழையை மட்டும் வெட்டி எடுத்து, முழுக்கக் காய்ந்த பிறகே டப்பாவில் போட்டு மூடுங்கள். ஈரத்தோடு மூடினால் ஒன்றின் துரு மற்றதற்கும் ஏறும். முள் மழுங்கியதா என்று பார்க்க நுனியைக் கட்டைவிரல் நகத்தில் சாய்வாக வைத்து இழுங்கள். கோடு கிழித்தால் கூர்மை இருக்கிறது. வழுக்கினால் சின்ன அரத்தால் உள்பக்கமாக நாலு இழுப்பு.